வயிற்றில் கோடு போட்ட ஏழு

என் கண்ணைப் பற்றி எனக்கு ரொம்பப் பெருமை உண்டு. இன்றைக்கு மூக்குக் கண்ணாடி இல்லாமல் பஸ் போர்டைக்கூடப் படிக்க முடியவில்லை என்பது வேறு விஷயம். அன்றைக்கு ஆரணியில், எங்கள் தெருவில் ஒரு பட்டுச் சேலையை விரித்தால் எந்தப் புட்டாப் பூவில் இழை பிசகியிருக்கிறது என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவேன். அப்பா சேலைக்கு டிசைன் வரைகிறவர். கட்டம் போட்ட பெரிய தாளில், கட்டத்துக்கு ஒரு இழை என்று வைத்து மாங்காயும் அன்னமும் வரைந்து கொடுப்பார். அதைப் பார்த்து அட்டையில் துளை அடிப்பார்கள், அந்த அட்டை தறியில் ஏறும். அவர் வரைந்ததில் ஒரு கட்டம் தவறியிருந்தால் முதலில் என் கண்ணில்தான் படும். "எம் பொண்ணு கண்ணு கழுகுக் கண்ணு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். ஒருத்தியைக் கெடுக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

இரண்டாயிரம் பிறந்து ஓரிரண்டு வருடம் ஆகியிருக்கும். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜரிகைக் கடையின் மாடியில், கையால் எழுதிய பழைய பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கும் இடம் ஒன்றைத் திறந்தார்கள். ஆறு கம்ப்யூட்டர், ஒரு ஏசி. அந்த ஏசி மனுஷருக்கு இல்லை, மெஷினுக்கு என்று அதை நடத்தியவர் முதல் நாளே சொல்லிவிட்டார். அவரை நாங்கள் சார் என்போம். நான் பிஎஸ்சி இயற்பியல் முடித்துவிட்டு, மாப்பிள்ளை பார்க்கிறோம் பார்க்கிறோம் என்று இரண்டு வருடமாக வீட்டில் உட்கார வைக்கப்பட்டிருந்தேன். அந்த மாடிப்படி ஏறியது எனக்கு ஜெயிலிலிருந்து வெளியே வந்த மாதிரி.

அங்கே நாங்கள் ஒருவரையொருவர் ஊர்ப் பெயரால்தான் கூப்பிட்டுக்கொள்வோம். வந்தவாசி, சந்தவாசல், பெரணமல்லூர். எனக்கு மட்டும் 'அக்கா'. அதில் எனக்கு ஒரு மிதப்பு இருந்தது, மறைப்பானேன்.

பெரணமல்லூரிலிருந்து வந்தவள் என்னைவிட இரண்டு வயது சின்னவள். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில், எங்கள் பக்கம் கொல்லை என்போம், கூலிக்குப் போகிறவர்கள். அந்தக் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்க வந்த முதல் ஆள் அவள். காலை எட்டு மணி பஸ்ஸில் நின்றுகொண்டே வருவாள். வந்ததும் நாற்காலியைத் துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் உட்காருவாள். நாங்கள் சிரிப்போம். அவள் கண்டுகொள்ள மாட்டாள். பேச்சு கம்மி, ஆனால் பேசினால் வெடுக்கென்று இருக்கும்.

ஒரு நாள் சார் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி வந்தார். சென்னையில் ஒரு கம்பெனி மூலமாக வெளிநாட்டு வேலை கிடைத்திருக்கிறதாம். என்ன வேலை? எரிமலை.

"எரிமலைய வச்சிகினு நாம இன்னா சார் பண்றது?" என்று பெரணமல்லூர் கேட்டாள்.

"நீ ஒன்னியும் பண்ண வேணாம்மா. அதப் பத்தி அவங்க எழுதி வச்சத அடிச்சுக் குடுத்தா போதும்."

விஷயம் இதுதான். எங்கேயோ கடலுக்கு நடுவில் ஒரு தீவு. அந்தத் தீவில் ஒரு எரிமலை. மலையின் பெயர் இருந்த இடத்தைத் தாள்களில் வெட்டிவிட்டிருந்தார்கள், அதனால் எந்த மலை என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. அதைக் காவல் காப்பதுபோலப் பல வருடங்களாகச் சிலர் பார்த்துப் பார்த்து நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார்கள். ஒருவர் நோட்டில், தினமும் பூமி எத்தனை தடவை நடுங்கியது என்று. இன்னொருவர் நோட்டில், மலையிலிருந்து வரும் கந்தக வாயு எவ்வளவு என்று. மூன்றாமவர் அடிவாரத்து ஊற்றுகளில் தண்ணீர் எவ்வளவு சூடு என்று. நான்காவது, மலைச்சரிவு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று. உள்ளேயிருந்து நெருப்புக் குழம்பு மேலே வந்தால் மலை லேசாக உப்புமாம், உப்பினால் சரிவு மயிரிழை அளவுக்குச் சாயுமாம். நான்கு நோட்டையும் யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பார்க்கப்போகிறார்கள் என்று சார் சொன்னார்.

வேலை செய்யும் முறை இப்படி. ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிக்க வேண்டும். கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிட்டு, ஒத்துவராத எண்ணைச் சிவப்பாகக் காட்டும். அப்போது மூலத் தாளைப் பார்த்து யார் அடித்தது சரி என்று ஒருவர் முடிவு செய்ய வேண்டும். தப்பாக அடித்தவர் பெயரில் தப்பு ஏறும். சனிக்கிழமை சனிக்கிழமை அந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டுவார்கள். வாரத்தில் ஐம்பதைத் தாண்டினால் வேலை கிடையாது. முடிவு செய்கிற ஆள் நான். நானும் அடிப்பேன், தீர்ப்பும் நானே சொல்வேன். இதிலிருந்த அநியாயம் யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

சாய்மான நோட்டு எனக்கும் பெரணமல்லூருக்கும் வந்தது. ஒரு நாளைக்கு எட்டு எண். காலையில் 112, வெயில் ஏற ஏற 115, 118, பிற்பகலில் 119, இருட்டியதும் இறங்கி மறுபடியும் 112. மலை வெயிலில் காய்ந்து விரிவதும் குளிரில் சுருங்குவதும்தான் அது என்று வேலையோடு வந்த குறிப்பில் போட்டிருந்தது. எனக்கோ அதைப் பார்த்ததும் குஷி. அப்படியே சேலைக் கரை! எட்டு கட்டம், ஒரு பூ. மறுபடி எட்டு கட்டம், மறுபடி அதே பூ. சில நாளில் தாளைப் பார்க்காமலே அடுத்த எண் என்னவென்று விரலுக்குத் தெரிந்துபோயிற்று. அதைத் திறமை என்று நினைத்தேன்.

எழுதிய ஆளின் கையெழுத்தில் ஒரு பேஜார் இருந்தது. அவர் ஒன்று போட்டால் மூக்கை நீட்டிப் போடுவார், பார்த்தால் நம் ஏழு மாதிரி இருக்கும். ஏழு போட்டால் அதன் வயிற்றில் குறுக்கே ஒரு சின்னக் கோடு இழுப்பார். தாளோ மங்கல். நோட்டின் கோடுகள் வேறு எண்களுக்குள் புகுந்து ஓடின.

ஒரு செவ்வாய்க்கிழமை என் திரை முழுக்கச் சிவப்பு. நான் 112 என்று அடித்த இடத்தில் அவள் 172. நான் 118, அவள் 178. வரிசையாக இருபது நாளைக்கு இதே கதை.

"இன்னா இது, தூங்கிகினே அடிச்சியா?" என்றேன்.

அவள் எழுந்து வந்து என் திரையில் மூலத் தாளின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். "அக்கா, இது ஏழு. வயித்துல கோடு போட்டுகீறாரு பாருங்க."

"அது நோட்டுல இருக்கற கோடு."

"நோட்டுக் கோடுன்னா இந்தாண்டயிருந்து அந்தாண்ட வரைக்கும் போவும் இல்ல? இது குட்டிக் கோடு. நடு எண்ணுல மட்டும்தான் கீது."

"நேத்து வரைக்கும் நூத்திப் பன்னெண்டு. பொழுது விடியறதுக்குள்ள நூத்தி எழுபத்திரெண்டா? மலை இன்னா எகிறிக் குதிச்சுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்க வைக்கத்தான் சொன்னேன்.

"குதிச்சுதோ இன்னாவோ, எனக்குத் தெரியாது. தாள்ல அப்பிடித்தான் கீது. பாத்தத அடிக்கச் சொன்னாங்க, அடிச்சேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எதிர்த்துப் பேசுகிறாளே என்ற கோபம். இன்றைக்கு நேராகச் சொல்லிவிடுகிறேன், இதையே வந்தவாசிக்காரி சொல்லியிருந்தால் இன்னொரு தடவை உற்றுப் பார்த்திருப்பேன். பெரணமல்லூர் எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த மாதிரித் தெரு ஆட்கள் எங்கள் தெருவுக்கு வந்தால் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போவார்கள். அதை நான் சரி என்றும் நினைத்ததில்லை, தப்பு என்றும் நினைத்ததில்லை, நினைத்ததே இல்லை. அப்படி நினைக்காமல் இருந்த விஷயம்தான் அன்றைக்கு என் விரலில் வந்து உட்கார்ந்தது. அவள் அடித்ததை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு என்னுடையதை ஏற்றினேன். படிக்கச் சந்தேகமாக இருந்தால் மஞ்சள் குறி போட வேண்டும் என்று விதி. அதுகூடப் போடவில்லை. எனக்கென்ன சந்தேகம்?

புதன்கிழமை அதே நாட்களின் மிச்சப் பக்கங்கள். அவள் நினைத்திருந்தால் என்னோடு ஒத்துப்போய் ஒன்று என்றே அடித்திருக்கலாம். நாற்காலி தங்கியிருக்கும். அடிக்கவில்லை. மறுபடியும் ஏழு, மறுபடியும் ஏழு.

சனிக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். ஐம்பது எங்கே, அவள் பெயருக்கு எதிரே இருந்த எண் எங்கே!

"இன்னாம்மா இது? பாத்து அடிக்க வேணாமா?" என்றார் சார்.

"பாத்துதான் சார் அடிச்சேன்" என்று சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். நான் என் திரையைப் பார்த்தேன். அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று இருந்தது.

இரண்டு வாரம் போயிற்று. அவள் இடத்துக்கு ஒருத்தி வந்தாள். சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிற பெண், எனக்குப் பிடித்துப்போயிற்று. அப்போது சாய்மான நோட்டின் அடுத்த கட்டு வந்தது. முதல் பக்கத்தை விரித்தேன். முதல் எண் 182.

வயிற்றில் கோடும் இல்லை, மூக்கும் நீளவில்லை. குழந்தைகூடப் படிக்கும், நூற்று எண்பத்திரண்டு. போன கட்டின் கடைசி நாளில் நான் ஏற்றி வைத்திருந்தது 116. அடுத்த நாளே 182 என்றால்? கருவியை மாற்றி வைத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சத்தமாகவே சொன்னேன் போலிருக்கிறது, புதுப் பெண் "ஆமாக்கா" என்றாள். அவள் ஆமாம் சொன்னது முதல் தடவையாக எனக்கு எரிச்சலாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் கட்டத்தாள் ஒன்றை உருவிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். "ஏய், அது சேலை முந்திக்கு வச்சிகீற தாளு!" என்று கத்தினார். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன். எரிமலையைப் புரிந்துகொள்ள நான் உட்காரவில்லை. கருவியைத்தான் மாற்றினார்கள், என் ஒன்று சரிதான் என்று நிரூபிக்க உட்கார்ந்தேன். மற்றவர்கள் அடித்த மூன்று நோட்டின் பிரதியும் எடுத்து வந்திருந்தேன். கருவி மாறியிருந்தால் சாய்மானம் மட்டும்தான் குதிக்கும், மற்ற மூன்றும் அது பாட்டுக்கு இருக்கும். அவ்வளவுதானே?

குறுக்கே ஒரு கட்டம் ஒரு நாள் என்று வைத்தேன். அடியில் சாய்மானம், பச்சைப் பென்சில். அதற்கு மேல் நடுக்கம், சிவப்பு. அதற்கு மேல் ஊற்றுச் சூடு, நீலம். எல்லாவற்றுக்கும் மேலே வாயு, கறுப்பு.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு நோட்டும் கையில் ஒரு சாக்கு வைத்திருந்தது. நடுக்கம் கூடிய நாளில் அதை எழுதியவர் ஓரத்தில் 'பலத்த காற்று' என்று குறித்திருந்தார். ஊற்று சூடானதற்கு மற்றவர் 'மழை இல்லை' என்று எழுதியிருந்தார். வாயு திடுமெனக் குறைந்ததற்கு 'மேகமூட்டம், அளவு நம்பும்படி இல்லை' என்று ஒரு வரி. ஒவ்வொருவரும் அவரவர் நோட்டை மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு நோட்டு மட்டும் கையில் இருந்தால் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

ஆனால் ஒரே தாளில் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டபோது அந்தச் சமாதானமெல்லாம் நிற்கவில்லை. காற்று அடித்தால் ஊசி ஆடும், சரி. காற்று அடித்தால் ஊற்று சூடாகுமா? மழை இல்லாவிட்டால் ஊற்று சூடாகும், சரி. மழை இல்லாவிட்டால் பூமி நடுங்குமா? ஒவ்வொரு சாக்கும் தன் நோட்டுக்கு மட்டும்தான் செல்லும். மூன்றுக்கும் சேர்த்துச் செல்லுகிற காரணம் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும், மலைக்கு அடியில் எதுவோ, வாயு வரும் வழியை அடைத்துக்கொண்டு, மேலே வந்துகொண்டிருந்தது. சிவப்பு ஏறியதும் நீலம் ஏறியதும் கறுப்பு விழுந்ததும் ஒரே வாரம். சிவப்பு துள்ளிய கட்டத்தில் விரலை வைத்து நேராகக் கீழே இறக்கினேன். பெரணமல்லூர் முதன்முதலாக ஏழு என்று அடித்திருந்த தேதி அது.

நான்கில் மூன்று துள்ளியிருந்தன. நாலாவது, என் பச்சை மட்டும், ஒன்றுமே நடக்காததுபோல நாளுக்கு ஒரு பூ என்று அழகாக நீட்டிப் படுத்திருந்தது. அதை எழுதியது மலை இல்லை. நான்.

ரப்பரால் அந்த இருபது நாளை அழித்துவிட்டு அவள் அடித்த எண்களைப் போட்டேன். பச்சை ஒரே எகிறாக எகிறி, அங்கேயே நின்று, அடுத்த கட்டின் 182-இல் போய்க் கச்சிதமாகச் சேர்ந்தது. எங்கள் தொழிலில் பூ தவறினால் அது பழுது. தேடிப் பிடித்துச் சரிசெய்ய வேண்டும். அப்படியே பழகிய கண், பூ தவறிய இடத்தைத் தேடிப் பிடித்துச் சரிசெய்துவிட்டது. அந்த மலை இத்தனை நோட்டில் சொல்ல வந்த சேதியே அந்தத் தவறிய பூதான்.

எனக்கு அழுகை வந்தது. முதலில் வெட்கத்தால் இல்லை, கோபத்தால். வயிற்றில் கோடு போட்டவர் மேல் கோபம், சரியாக அடித்துத் தொலைத்த பெரணமல்லூர் மேல் கோபம். என் மேல் வருவதற்குச் சாயங்காலம் ஆயிற்று. அந்த மலை வெடிப்பதானால் வெடித்துப் பல வருடம் ஆகியிருக்கும், என் ஒன்றாலும் ஏழாலும் அந்தத் தீவில் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆரணியில் ஒரு நாற்காலியிலிருந்து ஒருத்தியை எழுப்பி அனுப்பியாயிற்று. அது நடந்தது, அதை நடத்தியது நான்.

திங்கட்கிழமை சாரிடம் தாளை விரித்துக் காட்டினேன். அவர் நான்கு நிறத்தையும் பார்க்கவில்லை.

"ஃபைல் சென்னைக்குப் போயிடுச்சா?"

"இல்ல சார். இந்தக் கட்டோட சேத்துதான் போவணும்."

"அப்பாடா. ஜல்தியா மாத்திடு. ஒருத்தர்கிட்டயும் சொல்லாத."

"அந்தப் பொண்ணு?"

"அதுக்குத்தான் வேற ஆளு வந்தாச்சே."

"அப்ப அந்தத் தப்பெல்லாம் என் பேர்ல ஏத்துங்க சார். ஏத்தி சுவத்துல ஒட்டுங்க."

"ஒட்டினா நீ போவணும்மா. அப்பால என்னைக் குத்தம் சொல்லாத."

"தெரியும் சார்" என்றேன். தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வேலை போனால் எனக்கு மறுபடியும் வீட்டுச் சுவர்தான், அப்புறம் யாராவது ஒரு மாப்பிள்ளை. ஆனால் சொன்ன பிறகு திரும்ப எடுக்க முடியவில்லை. சார் தலையைச் சொறிந்துகொண்டார். வேலை மலைபோல் குவிந்திருந்தது, இரண்டு பேரையும் விட்டுவிட்டு அவராலும் முடியாது. "பேஜாரா போச்சே உங்கிட்ட. சரி, போயி இட்டுகினு வா. வந்தா பாக்கலாம்" என்றார்.

அன்று மத்தியானமே பெரணமல்லூர் பஸ் ஏறினேன். தாளைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, என்ன சொல்ல வேண்டும் என்று வழி முழுக்க மனப்பாடம் செய்தேன். ஊரில் இறங்கி விசாரித்தால், கொல்லையில் மல்லாட்டை ஆய்கிறார்கள் என்று கை காட்டினார்கள். பிடுங்கிப் போட்ட வேர்க்கடலைச் செடிக் குவியலைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்து காயைத் தனியே ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, விரல் நிற்காமல் ஆய்ந்துகொண்டிருந்தாள். டைப் அடிக்கிற அதே வேகம்.

என்னைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. அவள் அம்மாதான் எழுந்து, "வாம்மா, வெயில்ல வந்துகீற" என்று சொம்பில் தண்ணீர் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன். குடிப்பேனா மாட்டேனா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

மண்ணில் தாளை விரித்தேன். காற்றில் பறக்காமலிருக்க ஓரத்தில் கடலைச் செடியை வைத்தேன். மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோயிற்று. பச்சை, சிவப்பு, நீலம், கறுப்பு என்று ஒவ்வொன்றாகக் காட்டி, காற்றடித்தால் ஊற்று சூடாகுமா என்று எனக்கு நானே கேட்டதையெல்லாம் அவளிடமும் கேட்டு, கடைசியில், "நீ அடிச்ச ஏழு சரி. நான்தான் தப்பு. மூணு நோட்டும் நீ சொன்னதையேதான் சொல்லுது" என்றேன்.

அவள் தாளைக் குனிந்து பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். சிவப்பும் பச்சையும் ஒன்றாக ஏறுகிற இடத்தில் மண் படிந்த விரலை வைத்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இவ்வளவு நாள் எதற்கு அடித்தோம் என்பது அவளுக்கும் அப்போதுதான் தெரிகிறது என்று நினைக்கிறேன். பிறகு விரலை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"மூணு நோட்டு சொல்லிச்சு, அதனால நான் சொன்னது நெசமாச்சு. அப்பிடித்தானே?"

"இல்ல, நான் இன்னா சொல்றேன்னா..."

"மூணும் வேற மாதிரி சொல்லியிருந்தா? இன்னிக்கும் நான் கண்ணு தெரியாதவதானே? மலை சொன்னா நம்புறீங்க. நான் நேர்ல நின்னு, கோடு கீது பாருங்கன்னு கையால காட்டினேன். அத ஏன் நீங்க பாக்கவே இல்ல?"

அக்கா என்று அவள் சொல்லவில்லை. சுற்றியிருந்த பெண்களின் விரல்கள் நின்றுவிட்டன. அவள் அம்மா, "ஏய், வூடு தேடி வந்தவங்கள..." என்று ஆரம்பித்தார். "நீ சும்மா இரும்மா" என்றாள் இவள்.

எனக்குப் பதில் தெரியும். நான்கு நோட்டை ஒன்றாக வைத்துப் பார்க்கத் தெரிந்த நான், அவள் வார்த்தையை அந்த நான்கோடு ஒன்றாகக்கூட வைத்ததில்லை. மலை நடுங்கினால் எண்ணத் தோன்றியது, ஊற்று சூடானால் எண்ணத் தோன்றியது. பக்கத்து நாற்காலியில் ஒருத்தி ஏழு ஏழு என்று நாள் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்ததை எண்ணத் தோன்றவில்லை.

"வா. சார் வரச் சொன்னாரு" என்றேன்.

அவள் மறுபடி ஆய ஆரம்பித்தாள். ஒரு செடி முடிந்தது. இன்னொரு செடி முடிந்தது. "வர்றேன்" என்றாள். "ஒங்களுக்காக இல்ல. அது என் வேலை. ஆனா அங்க அத்தினி பேர் எதிர்லதான என்னைச் சிரிச்சீங்க? இங்க கொல்லையில வந்து சொன்னா ஆச்சா? அங்க சொல்லுங்க."

மறுநாள் காலை எல்லோரும் உட்காரும் வரைக்கும் காத்திருந்தேன். அவள் கதவுக்குப் பக்கத்தில், டிபன் பாக்ஸைக் கீழே வைக்காமல் நின்றாள். நான் நடுவில் போய் நின்று சொன்னேன். "சாய்மான நோட்டுல ஏழுன்னு அவங்க அடிச்சதுதான் சரி. நான்தான் ஒண்ணுன்னு மாத்தினேன். அவங்க எடுத்துக் காட்டினாங்க, நான் பாக்கல. அவங்க பேர்ல ஏத்தின தப்பெல்லாம் என் தப்பு."

வந்தவாசி கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டோம், முடிந்தது என்று எனக்கு உடம்பு லேசானது. கண்கூடக் கொஞ்சம் கலங்கியது. அந்த நேரம் பார்த்து சார் மாடிப்படி ஏறி உள்ளே வந்து, "இன்னா, எல்லாரும் உர்ருன்னு கீறீங்க?" என்றார்.

பெரணமல்லூர் என்னைப் பார்த்தாள். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"சார் காதுல விழல" என்றாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

முதல் தடவை சொன்னபோது, பார், எவ்வளவு பெரிய மனசு என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு நல்ல எண்ணம் இருந்தது. இரண்டாம் தடவை அதுவும் இல்லை. சொன்னேன்.